சாவி உன் பையில

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. யாரோ யாரிடமோ சொல்லி என் காதுக்கு வந்த கதை இல்லை. பாதியை நானே கேட்டேன். மீதியை அக்கா என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள், உங்கள் வீட்டில் வயர் இல்லாத வாசல் மணி இருந்தால், அதன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் படியுங்கள்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை. எதிர் வீடு. தெருவுக்கே அக்கா. கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். மயிரிழை சாய்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. என் வீட்டுக்கு வந்தால், கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். அவள் புருஷன் மேடைகளுக்கு விளக்குப் போடுகிறவர். லைட்காரர் என்போம். அக்காவுக்கு ஒரே தம்பி. லிப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு குட்டி பல்பு மினுக்கிக்கொண்டிருக்கும் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவன் பெயர் மின்மினி. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியறையில்தான் இருந்தான்.

மின்மினிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மின்னல் செய்வது. பின்பக்கத்து ஷெட்டில் ஆளுயரக் குழாய் ஒன்றில் செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் தலையில் அலுமினிய வளையம் ஒன்றை வைத்து, கீழே டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டர் பெட்டியுமாக ஒரு மிஷின் செய்தான். காயில் என்பான். சாவியைத் திருப்பினால் வளையத்திலிருந்து ஊதா நிறத்தில் மின்னல் கிளம்பிச் சீறும். எதற்கு என்று கேட்டால் சிரிப்பான். லிப்ட் வேலை வயிற்றுக்கு, இது மனசுக்கு.

முதல் தடவை அதை ஓட்டிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவில் இருந்த அத்தனை வாசல் மணிகளும் ஒன்றாக அடித்தன. என் ரேடியோ காசநோய்க்காரன் மாதிரி இருமியது. மூன்றாம் வீட்டுப் பெரியவர் காது மிஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலில் நின்று கத்தினார். நானும் சும்மா இருப்பேனா? போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். மின்மினிக்குக் கோபம் வரவில்லை.

"தப்பு என்னோடதுதான். கரண்ட் போற பாதையை ஒழுங்கா கட்டாம ஓட்டிட்டேன். ரெண்டு வாரம் குடுங்க."

கேட்டபடியே செய்தான். வீட்டு எர்த்தோடு சேர்க்காமல், காயிலுக்கென்று தனியாக ஒரு செம்புக் கம்பியை ஷெட் ஓரமாக மண்ணில் ஆழமாக இறக்கினான். வீட்டிலிருந்து மிஷினுக்குப் போகும் லைனில் ஒரு ஃபில்டர் பெட்டியைப் போட்டான். மிஷினைச் சுற்றித் தரை முதல் கூரை வரை கம்பிவலைக் கூண்டு கட்டினான். அதன் பிறகு மின்னல் கூண்டுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. ஒரு மணிகூட அடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவை ஓட்டி முடித்ததும் வீடு வீடாக வந்து கேட்பான், "மணி அடிச்சுதா?" என்று. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு எர்த் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவான். மண் காய்ந்தால் எர்த் செத்த மாதிரியாம். செடிக்குக்கூட அவன் அப்படி ஊற்றிப் பார்த்ததில்லை.

கூண்டுக்குள் போக அவன் வைத்திருந்த முறை லிப்ட் வேலையிலிருந்து வந்தது. அதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லிப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மேலே இருக்கும் சாவியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். அவன் உள்ளே இருக்கும்வரை வேறு எவனும் லிப்டை ஓட்ட முடியாது. காயிலுக்கும் அதே சட்டம். கூண்டுக்கு வெளியே இருந்த மேஜை மேல் ஒரு சாவித் துவாரம், சாவியோடு கூடவே திரும்பும் ஒரு முள். அதற்கு ஒரே ஒரு சாவி. தலையில் மஞ்சள் வயர் சுற்றிய பழைய சாவி. உள்ளே போகிறவன் பையில் அது இருக்க வேண்டும்.

அடுத்தது, கம்பு. கரண்ட்டை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மிச்சம் தங்கி நிற்குமாம். அதை மண்ணில் இறக்கிவிட, நுனியில் பித்தளைக் கொக்கி வைத்த ஒரு நீளக் கம்பு. கொக்கியிலிருந்து ஒரு வயர் நேராக எர்த்துக்குப் போகும். கூண்டுக்குள் நுழைந்த உடனே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொக்கியைக் கெப்பாசிட்டரில் மாட்டிவிட வேண்டும். மாட்டினால் கம்பு வயிற்று உயரத்தில் குறுகலான வாசலுக்குக் குறுக்கே நிற்கும், குனிந்து வரவும் இடம் இருக்காது. வேலை முடிந்து அதைக் கடைசியாக எடுத்தால்தான் வெளியே வர முடியும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தான்.

அதை எடுப்பதற்கு முன்னால் ஒரு குரல் கொடுப்பான்.

"சாவி?"

மேஜையில் நிற்பவர் பதில் சொல்ல வேண்டும்.

"உன் பையில."

அதன் பிறகே கம்பில் கை வைப்பான். அக்காவுக்கு அடுக்களையிலிருந்து இந்தக் குரல் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டது. 'சாவி?' 'உன் பையில.' சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம்.

லைட்காரர் இதைப் பார்த்தார். மச்சானின் பைத்தியம் மேடையில் விலை போகும் என்று அவருக்கு உடனே புரிந்தது. பாட்டுக்குத் தகுந்தபடி மின்னல் வெட்டினால் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்குமே! மேஜையில் ஒரு மைக்கை இணைக்கச் சொன்னார். மைக்கில் போகும் சத்தத்துக்கு ஏற்ப மின்னல் பாடியது. மின்மினிக்கும் சந்தோஷம்தான். ஆனால் லைட்காரருக்குப் பொறுமை என்பது கிடையாது. சாவியைக் கழற்று, கம்பை மாட்டு, குரல் கொடு என்று ஒவ்வொரு தடவையும் காத்து நிற்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம். அக்கா கடையில் இருந்தபோது போன் வந்தது. ஓடி வந்தாள். மின்மினி கூண்டு வாசலில் கிடந்தான். போலீஸ் வந்திருந்தது. மின்னலைப் பார்த்து வாடகை பேச வந்த மேடைக்காரர்கள் இரண்டு பேர் வெளியே சுவரோரமாக வெளிறிப்போய் நின்றார்கள். லைட்காரர் தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

"கம்பை மாட்டாமலே உள்ள போயிட்டான். நான் சொல்லச் சொல்ல... கெப்பாசிட்டர்ல மிச்சம் இருந்துச்சு."

கம்பு சுவரில் அதன் இடத்திலேயே இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சாவி மின்மினியின் பையில் இருந்தது. அதையும் பார்த்தார்கள். மிஷின் ஓடவில்லை, சாவி அவனிடமே இருக்கிறது, கம்பு மாட்டவில்லை. பிறகென்ன? அவனுடைய கவனக்குறைவு. காகிதத்தில் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் பையில் இருந்த சாவியை கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின் அடித்து, அக்கா கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் திறக்கவே இல்லை. அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சாவைவிட அவளை அதிகமாக அறுத்தது அந்த வார்த்தைதான். கவனக்குறைவு. லிப்ட் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது சூப்பர்வைசர் அவன் பெயரைத்தான் சொன்னார். 'மின்மினி மாதிரி அலட்சியமா இருந்தா மின்மினி மாதிரியே போவீங்க.' அக்கா காதுக்கு அது வந்தது. எர்த் குழிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றியவனையா அலட்சியக்காரன் என்கிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அதே நேரம் அவன் மேலும் கோபம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கம்பை மறந்தாயே பாவி என்று அவன் போட்டோவைப் பார்த்துத் திட்டுவாள். ஒரு வருஷம் இப்படியே போனது.

போன மாதம் லைட்காரர் ஷெட்டைத் திறந்தார். பெரிய மேடை ஒன்று கிடைத்திருந்தது. காயிலைத் தூசி தட்டினார். அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் எர்த் குழி. ஒரு வருஷமாகக் காய்ந்து வெடித்துக் கிடந்த மண். அன்று காலையில் ஈரமாக இருந்தது. மழையும் இல்லை, குழாய்க் கசிவும் இல்லை. அக்கா புருஷனைக் கேட்டாள். அவர் தெரியாது என்றார். மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாளும் ஈரம். வாளி அதன் இடத்தில் கவிழ்ந்தே இருந்தது. ஆனால் அதன் உட்புறம் நனைந்திருந்தது.

அடுத்தது கம்பு. சுவரில் இரண்டு கவ்விகளில் அது நெட்டுக்குத்தாக நிற்கும். லைட்காரர் கொக்கி மேலே பார்க்கும்படி வைப்பார். காலையில் பார்த்தால் கொக்கி கீழே இருக்கும். அவர் திருப்பி வைப்பார். மறுநாள் மறுபடி கீழே...

"நீ எதுக்கு அதைத் தொடற?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"நான் தொடல."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மின்மினி எப்போதும் கொக்கியைக் கீழே வைத்துத்தான் சுவரில் மாட்டுவான். அப்போதுதான் வயர் தரையில் கிடக்கும், யார் முகத்திலும் இடிக்காது. அக்காவுக்கு அது தெரியும். கோணல் காலண்டரைக் கண்டாலே உறுத்தும் கண் அது. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் செத்த அன்றைக்குச் சுவரில் கம்பு எப்படி இருந்தது?

அழுகைக்கு நடுவிலும் கண் பார்த்திருந்தது. மனசுதான் வாங்கவில்லை. இப்போது படம் மாதிரி வந்து நின்றது. கொக்கி மேலே இருந்தது.

கடைசியாக அதைச் சுவரில் மாட்டியவன் அவள் தம்பி இல்லை.

தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கம்பு எடுக்கப்பட்டிருக்கிறது. கெப்பாசிட்டரில் மாட்டியிருந்திருக்கிறது. அப்படியானால் கெப்பாசிட்டரில் மிச்சம் எங்கே? மிஷின் ஓடினால்தான் அவன் செத்திருக்க முடியும். மிஷின் ஓட வேண்டுமானால் சாவி வேண்டும். சாவி அவன் பையில் இருந்தது...

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், ஷெட்டிலிருந்து காயில் சீறும் சத்தம் கேட்டது. லைட்காரர் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றவளுக்குத் திடீரென்று உறைத்தது.

எதை வைத்து ஓட்டுகிறார்?

பீரோவைத் திறந்தாள். கண்ணாடி உறை. பின் துருப்பிடித்திருந்தது. உள்ளே மஞ்சள் வயர் சுற்றிய சாவி, பத்திரமாக. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனாள்.

அவள் போய்ச் சேருவதற்குள் கரண்ட் போய்விட்டது. தெரு முழுவதும். ஆறேகால் இருக்கும். எனக்கு நேரம் தெரியும், நான் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஷெட்டுக்குள் மங்கல்.

லைட்காரர் கரண்ட் இல்லாத நேரத்தை வீணாக்காமல் கூண்டுக்குள் இருந்தார். வளையத்தில் ஒரு கம்பி தளர்ந்திருந்ததாம். சும்மா சொல்லக் கூடாது, எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார். மெயின் அணைத்திருந்தது. கொக்கி கெப்பாசிட்டரில் மாட்டியிருந்தது. கம்பு வாசலுக்குக் குறுக்கே நின்றது. சாவி அவர் சட்டைப் பையில். கொக்கி திரும்பத் தொடங்கியதிலிருந்து மனுஷனுக்குப் பயபக்தி வந்துவிட்டது.

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உங்ககிட்ட இருக்கற சாவி ஏதுங்க?"

"எந்தச் சாவி?"

"இந்த மிஷினோட சாவி."

"அவன் போனப்புறம் வெட்டினது. இப்ப எதுக்கு அது?"

"எதைப் பார்த்து வெட்டினீங்க?"

அவர் கையில் இருந்த ஸ்பேனர் நின்றது.

அவள் உறையைத் தூக்கிக் காட்டினாள். "இருந்தது ஒரே சாவி. அவன் பையிலேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போச்சு. அங்கேர்ந்து என் பீரோவுக்கு வந்துச்சு. பின்னுகூடப் பிரிக்கல. நீங்க எதைப் பார்த்து வெட்டினீங்க?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

இதுவரை 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனிமேல் எனக்கு வாய் வரவில்லை.

அவன் சிரிக்கப் பார்த்தான். "பைத்தியம் மாதிரி பேசாத. கரண்ட் வரட்டும், வீட்ல பேசிக்கலாம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ம்ம்ம்ம்ம்...

டிரான்ஸ்பார்மர்.

கரண்ட் இல்லை. மெயின் அணைத்திருந்தது. ஆனாலும் டிரான்ஸ்பார்மர் முனகியது.

ஷெட் மூலையில் மேடைக்கு எடுத்துப்போகும் டியூப்லைட்டுகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. எந்த வயரும் இல்லாமல், வெறுமனே. முதல் டியூப் மங்கலாக எரிந்தது. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது...

அக்கா மேஜையைப் பார்த்தாள். சாவித் துவாரம் காலியாகத்தான் இருந்தது. அதன் முள் அணைந்த பக்கத்தில் நின்றது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரும்பியது.

மெதுவாக. யாரோ இரண்டு விரலால் திருப்புவது மாதிரி.

க்ளிக்.

"நீயா போட்ட?" அவன் குரல் கீச்சென்று வந்தது. "ஏய், நீயா போட்ட?"

"நான் எதையும் தொடல. சாவி உங்ககிட்ட இருக்கு."

அவன் சட்டைப் பையை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தான். இருந்தது.

கம்பு மாட்டியிருக்கும்வரை அவனுக்கு ஆபத்தில்லை. மின்மினி கட்டிய கட்டு அது, பிசகாது. ஆனால் கம்பை எடுக்காமல் வெளியே வர முடியாது. அவன் கம்பைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான்.

மேஜையில் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

தெருவில் ஒரு வாசல் மணி அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே...

"மச்சான்..." என்றான் அவன். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னான்.

அக்கா திரும்பவில்லை. பின்கழுத்தில் குளிர்ந்தது. கிரீஸ் வாசனை அடித்தது. லிப்ட் கம்பிக்குப் போடுகிற கிரீஸ். அவளுக்குப் பயமாக இல்லை என்று சொன்னாள். கோபம்தான் இருந்ததாம். உள்ளங்கால் முதல் உச்சி வரை.

"சொல்லுங்க," என்றாள்.

"வேணும்னு செய்யல மச்சான். வந்தவங்க கிளம்பறேன்னு வெளிய நின்னாங்க. நீ 'சாவி?'ன்னு கேட்ட. 'உன் பையில'ன்னேன். பொய் இல்லையே. உன் பையிலதான் இருந்துச்சு. நீ கம்பை எடுத்த. நீ வெளிய வந்துட்டன்னு நினைச்சு, உனக்குத் தெரியாம வெட்டி வச்சிருந்த சாவியைப் போட்டேன். நீ ஸ்பேனரை எடுக்கத் திரும்பினதை நான் பார்க்கல. சத்தியமா பார்க்கல."

டியூப்லைட்டுகள் கண் கூச எரிந்தன.

"கம்பு?" என்றாள் அக்கா.

"நான்தான்... நான்தான் சுவர்ல மாட்டினேன். நீ மாட்டவே இல்லைன்னு நான்தான் சொன்னேன். உன்மேல தப்பே இல்லை மச்சான். உன்மேல தப்பே இல்லை..."

முனகல் நின்றது.

டியூப்லைட்டுகள் அணைந்தன.

மணிகளும் நின்றன.

இருட்டு. அமைதி. அவன் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது சீரானது. அவன் அழுதான், பிறகு லேசாகச் சிரித்தான். தப்பித்தவன் சிரிக்கிற சிரிப்பு.

"போயிட்டான்," என்றான். "விட்டுட்டான். இதை யார்கிட்டயும் சொல்லிடாத. செத்தவனுக்குப் பேர் எதுக்கு? நமக்குள்ள இருக்கட்டும்."

செத்தவனுக்குப் பேர் எதுக்கு.

அக்காவுக்கு அந்த வார்த்தை போதும்.

அவள் மேஜையைப் பார்த்தாள். மைக்கின் சிவப்பு வெளிச்சம் இன்னும் இருந்தது. அதில் முள் நன்றாகத் தெரிந்தது.

அது திரும்பிப் போகவில்லை. போட்ட பக்கத்திலேயே நின்றது.

உள்ளேயிருந்து அவனுக்கு அது தெரியாது.

அவன் கம்பின் கைப்பிடியைப் பிடித்தான். ஒரு நிமிஷம் தயங்கினான். பழக்கம் விடுமா? கேட்டான்.

"சாவி?"

அக்கா காத்திருந்தாள். வேறு குரல் ஏதாவது பதில் சொல்லும் என்று காத்திருந்தாளாம். எதுவும் வரவில்லை. கிரீஸ் வாசனை மட்டும், தோளுக்குப் பக்கத்தில்.

தம்பி அந்தப் பதிலை அவளுக்கு விட்டுக் கொடுத்திருந்தான்.

"உங்க பையில," என்றாள்.

அவன் கம்பை எடுத்தான்.

இனி நான் கேட்டதைச் சொல்கிறேன். மணி அடித்தபோது வாசலுக்கு ஓடினேன். யாருமில்லை. பக்கத்து வீட்டிலும் ஓடி வந்தார்கள். பெரியவர் காது மிஷினைப் பிடுங்கிக்கொண்டு நின்றார். அந்தப் பழைய நாள் மாதிரியே. அப்புறம் உள்ளே என் ரேடியோ, பேட்டரியில் ஓடுவது, நான் போடவே இல்லை, இருமிவிட்டுப் பேசியது. 'வேணும்னு செய்யல மச்சான்...' என்று ஆரம்பித்தது. லைட்காரன் குரல். 'உன்மேல தப்பே இல்லை' வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நான் மட்டும் இல்லை. தெருவில் ரேடியோ இருந்த எல்லா வீட்டிலும் கேட்டது. அக்காவின் பதில் மட்டும் எந்த ரேடியோவிலும் வரவில்லை. அதை அவள் என்னிடம் சொன்னபோதுதான் தெரியும். பிறகு ஒரு பெரிய வெடிச் சத்தம். ஷெட் ஜன்னலில் ஊதா வெளிச்சம்.

மறுநாள் லிப்ட் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். எங்கள் தெருக்காரர் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இனிமே அவன் பேரை அப்படிச் சொல்ல மாட்டோம்மா," என்றார். அக்கா அன்றைக்குத்தான் தம்பிக்காக வாய்விட்டு அழுதாள். புருஷனுக்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், தேவையில்லை என்பேன்.

மின்சார ஆபீஸிலிருந்து வந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். தெருமுனைப் பெட்டியில் கேபிள் எரிந்து போயிருந்தது. அன்று ஆறேகாலிலிருந்து எட்டு மணி வரைக்கும் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை. ஷெட்டில் பேட்டரியும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. காயில் எதில் ஓடியது என்று அவர்கள் எதுவும் எழுதவில்லை.

கம்பு லைட்காரன் கையில் இல்லை. சுவரில் இருந்தது. கொக்கி கீழே.

எல்லாவற்றையும் விட இதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களைக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் இருந்த சாவி, ஒரு கண்ணாடி உறையில், பின் அடித்து. அக்கா அதை வாங்கி என் வீட்டுக்கு வந்தாள். மேஜையில் வைத்தாள். மஞ்சள் வயர் சுற்றிய பழைய சாவி.

அவள் எழுந்து எதிர் வீட்டுக்குப் போய், பீரோவிலிருந்து அந்தப் பழைய உறையைக் கொண்டுவந்தாள். அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்த உறை. திரும்பி வந்து பார்க்காமலே பூட்டி வைத்தது.

பின் அப்படியே இருந்தது. துரு அப்படியே இருந்தது. பிரித்த தடமே இல்லை.

உள்ளே இருந்தது வயர் சுற்றாத சாவி. பளபளவென்று, புதிதாக வெட்டியது.